கரண்டுத் தண்ணி

அவரிடம் மணி என்ன என்று கேட்டால்கூட நேரான பதில் வராது. "ஜன்னல் வெயில் எந்த மேசை மேல விழுது, பாருங்கண்ணா" என்பார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். எனக்கோ டிக்கெட் கவுண்டரில் வரிசை நிற்கும். கோளரங்கக் காட்சி எப்போது என்று நாலு பேர் கத்துவார்கள். "வாயத் தொறந்து ஒரு மணி சொன்னா முத்து கொட்டிடுமா மேடம்?" என்று நானும் கத்தியிருக்கிறேன். சிரிப்பார். மணியை மட்டும் சொல்ல மாட்டார்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது எங்கள் அறிவியல் கூடம். கண்ணால் பார்த்துவிட்டுப் போகிற இடம் இல்லை அது. தொட்டு, திருகி, அமுக்கி, இழுத்து, ஊதிப் பார்க்க வேண்டிய இடம். தோல் தொழிலில் சம்பாதித்த சில பெரியவர்கள் ஒரு டிரஸ்ட் வைத்துக் கட்டியது. டிக்கெட் கிழிப்பது, செருப்புக்கு டோக்கன் கொடுப்பது, போனை எடுப்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்புவது எல்லாம் நான். உள்ளே குழந்தைகளுக்குச் செய்து காட்டுவது அவர். டெமான்ஸ்டிரேட்டர் என்று பதவிப் பெயர். எங்கள் வாட்ச்மேன் வாயில் அது 'டெமாஸ்டர் அம்மா' ஆகிவிட்டது. ஆனால் அவர் செய்தும் காட்ட மாட்டார், சொல்லியும் தர மாட்டார்.

ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒல்லியான உடம்பு, இடுப்பில் செருகிய முந்தானை, பென்சில் வைக்க வேண்டிய காதோரத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். குழந்தை பொத்தான் மேல் விரலை வைத்ததும், "அமுக்காத. மொதல்ல சொல்லு. அமுக்கினா இன்னா ஆவும்?" என்பார். குழந்தை எதையாவது உளறும். "அப்பிடியா? சரி, பாரு" என்பார். பந்து மேலே போகும், அல்லது போகாது. "ஏன் மேடம்?" என்று குழந்தை கேட்டால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவர் முகம் மாதிரி. "நீ இன்னா நெனைக்கிற?" என்று திருப்பிக் கேட்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரை 'இன்னா ஆவும் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

வந்த வாத்தியார்களுக்கு இது பேஜாராக இருக்கும். பஸ் காத்திருக்கிறது, மதியத்துக்குள் கோட்டையைக் காட்ட வேண்டும், இந்த அம்மா ஒரு கண்ணாடி முன்னால் பிள்ளைகளை அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறாரே என்று என்னிடம் வந்து முறையிடுவார்கள். மேனேஜரும் பலமுறை சொல்லிப் பார்த்தார். மேடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டிரஸ்ட்டில் மூத்தவர் ஒரு பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்திகளோடு வந்தார். கீழிருந்து காற்று ஊத, அந்தரத்தில் ஒரு பந்து நிற்கும் மேசை உண்டு. "எப்பிடிம்மா இது வுழாம நிக்குது?" என்று மேடத்திடம் கேட்டார். மேடம் சட்டென்று, "நீங்க இன்னா நெனைக்கிறீங்க பாய்?" என்றார். மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. பெரியவரோ தொப்பியைக் கழற்றிப் பேரனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, பந்தைத் தட்டி, ஊதி, குழாயைச் சாய்த்து வெகுநேரம் விளையாடினார். போகும்போது, "எங்க கம்பெனில எவனும் என்னக் கேள்வி கேக்க மாட்டான். இந்தப் பொண்ணு கேக்குது" என்று சிரித்துக்கொண்டே போனார். மேனேஜர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மேடம் வீட்டிலும் இப்படித்தானாம். அவர் கணவர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். ஒரு நாள் அவரைக் கூட்டிப்போக வந்தபோது என் கவுண்டர் பக்கம் உட்கார்ந்து புலம்பினார். "இன்னா கொழம்புன்னு கேட்டா மோந்து பாருங்கன்றா சார். பசில வர்றவன் கொழம்ப மோந்து பாப்பானா?" புலம்பலில் ஒரு பெருமையும் இருந்தது.

ஏன் இப்படி என்று மேடத்திடம் நானே ஒருமுறை கேட்டேன். கூட்டமில்லாத ஒரு மதியம் அது. கேள்வியைத் திருப்பிப் போடாமல் அவர் எனக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான். "நான் பிசிக்ஸ்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்ணா. மூணு வருஷத்துல ஒரு லென்ஸக் கையால தொட்டதில்ல. ஒடஞ்சிடும்னு பீரோல வெச்சிப் பூட்டியிருந்தாங்க. எல்லாப் பதிலும் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. பரீச்சையோட எல்லாம் போய்டுச்சி. சொல்லிக் குடுத்தது போய்டும்ணா. தானா கண்டுபிடிச்சது போவாது. தூங்க வுடாது. கண்டுபிடிச்சவங்க சும்மா இருக்க மாட்டாங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

தண்ணீர் மேசை வந்த பிறகுதான் புரிந்தது.

அந்த மேசையை அவரே செய்தார். பழைய டார்ச் செல்லை உடைத்து எடுத்த இரண்டு கரிக்குச்சிகள், ஒரு பேட்டரி, ஒரு சின்ன வெள்ளை விளக்கு. குச்சிகளை டம்ளர் தண்ணீரில் விட்டால் விளக்கு எரியும், அல்லது எரியாது. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் எரியாது. அதிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் மினுக்கென்று வரும். உப்பு கூடக்கூட வெளிச்சமும் கூடும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் செய்யக்கூடியதுதான். அவர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வந்த பள்ளிக்கூடங்களிடமெல்லாம், "அடுத்த தடவ வரும்போது உங்க வூட்டுத் தண்ணி ஒரு பாட்டில் எடுத்துக்குனு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். சோளிங்கர் பக்கத்திலிருந்து வந்த தண்ணீரில் விளக்கு மங்கலாக எரிந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து நானே ஒரு பாட்டில் கொண்டுபோனேன், சுமாராக எரிந்தது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் இடங்களைச் சுற்றியிருந்த ஊர்களின் தண்ணீரில் கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஏன் இதுல ஜாஸ்தி, அதுல கம்மி?" என்று மட்டும் கேட்டார்.

அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒரு குழந்தை, ஒரே ஒரு குழந்தை, உப்புப் போட்ட டம்ளரையும் தன் வீட்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்போ எங்கள் தண்ணீரில் இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அது வீட்டுக்கு எடுத்துப் போகும், அப்பனைக் கேட்கும், ஊரைக் கேட்கும். "ஒரு புள்ள கேட்டா போதும்ணா. அப்பறம் அத யாராலும் நிறுத்த முடியாது" என்றார். அவர் அந்த வேலையில் இருந்ததே அதற்காகத்தான் என்று தோன்றும்படி சொன்னார்.

பிள்ளைகள் கேட்கவில்லை. போட்டி போட்டார்கள்.

எந்த ஊர்த் தண்ணீரில் விளக்கு அதிகம் எரிகிறதோ அந்த ஊர் ஜெயித்தது. "எங்க ஊரு தண்ணில கரண்டு இருக்குதுடா!" என்று கூத்தாடினார்கள். மங்கலாக எரிந்த ஊர்ப் பிள்ளைகள் முகம் தொங்கிப் போய் நின்றார்கள். 'கரண்டுத் தண்ணி' என்ற பெயர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. மாதனூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த தலைமையாசிரியர் ஒருவர் நல்ல மனிதர், பிள்ளைகளை உற்சாகப்படுத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு. எங்கள் கூடத்திலேயே எல்லோரையும் நிற்க வைத்து, அதிகமாக எரிந்த தண்ணீரைக் கொண்டுவந்த ஒரு சிறுமிக்கு ஜாமெட்ரி பாக்ஸ் பரிசாகக் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. சபை கை தட்டும்போது சும்மா நிற்க முடியாமல் மேடமும் தட்டினார்.

அன்று சாயங்காலம், "மேடம், போதும். சொல்லிடுங்க" என்றேன்.

"கேப்பாங்கண்ணா. நெருங்கிட்டாங்க."

"இன்னா நெருங்கிட்டாங்க? எங்க ஊரு தண்ணி பவருன்னு கத்திக்குனு போவுதுங்க."

"நான் சொன்னா அது என் பதில்ணா. அவங்களுது இல்ல."

முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன்.

பெரிய பாயும் ஒருநாள் அந்த மேசைக்கு வந்தார். ஒரு குழந்தையின் பாட்டிலை வாங்கித் தானே டம்ளரில் ஊற்றிக் குச்சியை விட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எந்த ஊர் என்று கேட்டார். குழந்தை சொன்னது. அவர் குச்சியை வெளியே எடுத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். "ஜாஸ்திதான்" என்றார். மேசையை எடு என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்கள் கூடத்துக்கு ஒரு தண்ணீர் வடிகட்டும் மிஷின் வந்து இறங்கியது. நாங்கள் எல்லோரும் நல்ல தண்ணீர் குடித்தோம். மேடம் அந்தத் தண்ணீரையும் ஒரு டம்ளரில் பிடித்து மேசை மேல் வைத்தார். இதையும் பார்த்தால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தார். விளக்கு எரியவே இல்லை. பிள்ளைகள், "ஐய்ய, டம்மி தண்ணி மேடம் இது!" என்று ஓவென்று கத்தினார்கள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அந்தச் சிறுமியின் அம்மா வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்பாகம் தைக்கிறவர், பர்மிஷன் போட்டுவிட்டு கம்பெனி கோட்டோடு அப்படியே வந்திருந்தார். கையைப் பிடித்தபடி மகள். பரிசு வாங்கின அதே பெண், ஆனால் பாதியாக இளைத்திருந்தது. டிக்கெட் வேண்டாம், தண்ணி மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான் உள்ளே கூட்டிப்போனேன். அதனால்தான் நடந்ததை நானும் கேட்டேன்.

"நாங்க கேன் தண்ணிதான் வாங்கறோம் மேடம்" என்று ஆரம்பித்தார். "கம்பெனி பஸ்ல எறங்கி அவரு தோள்ல தூக்கினு வர்றாரு. இது அதத் தொட மாட்டேன்னுது. போர் தண்ணிலதான் கரண்டு இருக்குதாம். கேன் தண்ணி டம்மியாம், வெளக்கே எரியாதாம். கபடி ஆடறதுக்கு முன்னாடி எல்லாப் புள்ளைங்களும் போர் தண்ணியத்தான் குடிக்கறாங்களாம், பவரு வரும்னு. அடிச்சிக்கூடப் பாத்துட்டேன். போன மாசம் வயித்து நோவுன்னு துடிச்சிப்போச்சி. வேலூருக்குத் தூக்கினு போனோம். ஸ்கேன்ல கல்லுன்னு வந்துச்சி. தண்ணியாலதான்னு டாக்டரு சொல்லல. நல்ல தண்ணி குடுங்கன்னாரு. நல்ல தண்ணி வூட்ல இருக்குது மேடம். இதுதான் குடிக்க மாட்டேன்னுது. நீங்க சொன்னா கேக்கும். ஒரு வார்த்த சொல்லுங்க."

அந்த அம்மாவின் குரலில் கோபமே இல்லை. டீச்சரிடம் பிள்ளையைப் பற்றி முறையிடுகிற குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேடம் அந்தப் பெண்ணுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை. "கண்ணு, கேன் தண்ணில ஏன் வெளக்கு எரியல? நீ இன்னா நெனைக்கிற?" என்றார்.

"கேக்காதீங்க மேடம்" என்றார் அம்மா. "அது நெனச்சதாலதான் இங்க வந்து நிக்கிறோம். நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு குழந்தைக்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான். "வெளக்க எரிய வெக்கிறது தண்ணி இல்ல கண்ணு. உப்பு. தோல் கெட்டுப் போவாம இருக்கப் போடற உப்பு, ஊற வெக்கிற மருந்து, எல்லாம் மண்ணுல எறங்கி உங்க போர்ல வந்திருக்குது. எவ்ளோ ஜாஸ்தி எரியுதோ அவ்ளோ கெட்ட தண்ணி. அதக் குடிக்கக் கூடாது."

சிறுமி யோசித்தது. கெட்டிக்காரப் பெண். "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"நான் பிரைஸ் வாங்கனப்போவே தெரியுமா?"

"தெரியும் கண்ணு."

"அப்ப ஏன் கை தட்டினீங்க?"

அந்த அம்மா மகளின் முதுகில் தட்டி, "மேடத்தப் போய் அப்பிடிக் கேப்பியா? சொல்லிட்டாங்க இல்ல, இனிமே கேன் தண்ணி குடிக்கணும்" என்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ் மேடம், பெரிய பாரம் எறங்குச்சி" என்று கும்பிட்டார். கும்பிடு வாங்கிக்கொண்டு அவர் முட்டி போட்டபடியே இருந்தார். அவர்கள் வெளியே போய், செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பின பிறகும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனார். எல்லா வகுப்பிலும் நின்று சொன்னார். தலைமையாசிரியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். எல்லோரும் புரிந்துகொண்டார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க வூட்ல கேன் வாங்கறதில்ல மேடம். நாங்க எத்தக் குடிக்கறது?" என்று கேட்டானாம். அவர் காத்திருந்த கேள்விக்கும் அடுத்த கேள்வி அது. அதற்கு அவரிடமும் பதில் இல்லை, அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் இல்லை. பஞ்சாயத்துக்கு எழுதினார், டிரஸ்ட்டில் பேசினார். பார்க்கலாம் என்றார்கள். பெரிய பாய் அந்தப் பள்ளிக்கும் ஒரு வடிகட்டி வாங்கிக் கொடுத்தார். அதற்குக் கரண்ட் கனெக்‌ஷன் கொடுப்பது யார் என்று பேச்சு நடந்துகொண்டிருந்ததாகக் கேள்வி.

கூடத்திலும் அவர் பதிலைச் சொல்ல ஆரம்பித்தார். அதிகம் எரிந்தால் கெட்ட தண்ணீர் என்று மேசையிலேயே எழுதி ஒட்டினார். அதுவும் வேறு மாதிரி போயிற்று. நேற்று வரை ஜெயித்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டன. "தோல் தண்ணி, தோல் தண்ணி" என்று கூப்பிட்டன. ஒரு பெண் குழந்தை தன் பாட்டிலைப் பைக்குள் மறைத்துக்கொண்டு, நான் கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லி அழுததை நானே பார்த்தேன். அந்த வாரமே அவர் மேசையைக் கழற்றிவிட்டார். அதே காதோரத்து ஸ்க்ரூ டிரைவரால், ஒவ்வொரு திருகாக. உதவட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அதன் பிறகு அவர் வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விடவில்லை. தினமும் நேரத்துக்கு வந்தார். மணி கேட்டால் சொன்னார். குழந்தை மேசைக்கு வருவதற்கு முன்பே, "இத அமுக்கினா பந்து மேல போவும். காத்து வேகமாப் போற எடத்துல அழுத்தம் கம்மி. அதனால வுழாது. அடுத்தது" என்றார். எல்லாம் சரியான பதில்கள். குரலில் எரிச்சல்கூட இல்லை. கூட்டம் மளமளவென்று நகர்ந்தது. பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பின. வாத்தியார்கள் பாராட்டினார்கள். "இப்பத்தாம்மா நீ வேலையக் கத்துக்குன" என்று மேனேஜர் என் முன்னாலேயே சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே கேட்டேன். "மேடம், கொஞ்சம் யோசிக்க வுடுங்களேன் புள்ளைங்கள. முன்ன மாதிரி."

"காக்க வெச்சி இன்னா குடுக்கப் போறேண்ணா?" என்றார்.

நான் அங்கே கடைசியாக வேலை பார்த்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பாவாடை சட்டையில் மூன்று நான்கு வயதில் ஒரு குழந்தை. நிழலைச் சுவரில் ஒட்டி வைக்கிற இருட்டறைக்கு முன்னால் நின்றார்கள். குழந்தை எம்பி எம்பிப் பொத்தானுக்குக் கையை நீட்டியது. விரல் படுவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார்: வெளிச்சம் பட்டால் சுவரில் உள்ள பூச்சு ஒளிரும், நீ நிற்கிற இடத்தில் வெளிச்சம் படாது, அதனால் உன் நிழல் அங்கேயே நிற்கும். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை எடுக்காமல் அவரையே பார்த்தது.

"அதான் மேடம் சொல்லிட்டாங்களே, வா" என்று அம்மா அதன் கையைப் பிடித்து இழுத்தார். பொத்தானை அமுக்காமலே குழந்தை போனது. அதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்ப் பதிலைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.